ஒட்டுப் புத்தகமும் ஒன்றரை ஷிப்டும்

(குறுவள மையக் கூட்டத்தில் திருமுருகன்பூண்டி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கைவினை வழியாகக் கற்பித்தல் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் என்று ஆசிரியர் பயிற்றுநர் கேட்டபோது, ஆள் மாறிக் கேட்கிறாரோ என்று நினைத்தேன். நான் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை. கரும்பலகையில் நான் வரையும் இந்தியாவில் குஜராத் எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். ஓவிய ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். அழகாகச் செய்வது எப்படி என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒட்டுப் புத்தகம் செய்யப் போய் நான் பட்டதையும் பார்த்ததையும் சொல்கிறேன். ஒட்டுப் புத்தகம் என்று நான் சொல்வது ஸ்க்ராப் புக்கைத்தான்.

ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை இரவு, மணி ஒன்பதே கால் இருக்கும்.

"டீச்சருங்களா, இப்பத்தானுங்க கம்பெனி உட்டு வந்தேன். போன்ல இருக்கற போட்டோவ கலர்ல எடுத்துக் குடுக்க ஒண்ணுக்கு இருபது ரூபா கேக்கறாங்க. எத்தன போட்டோங்க வேணும்? நாலு போதுங்களா?"

'என் குடும்பம்' என்று ஒரு ஆல்பம் வெள்ளிக்கிழமைக்குள் செய்து வரச் சொல்லியிருந்தேன். அந்த அம்மா பனியன் கம்பெனியில் கைமடி. காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பும் ஒன்றரை ஷிப்ட். திருப்பூர் பக்கம் வேலை பார்க்கிற உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வரும் வழியில் ஃபேன்சி ஸ்டோரில் நின்றுகொண்டு என்னைக் கேட்கிறார். கெட்டி அட்டை, வண்ணத்தாள், ஜிகினா பேனா, ஸ்டிக்கர், நாலு படம். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். இருநூறைத் தாண்டியது. அவருடைய அரை நாள் கூலி. "நாலு போதும்ங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். "எதுவும் வேண்டாம்ங்க" என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

மறுநாள் முப்பத்தியொரு ஆல்பம் வந்தது. எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே இதய ஸ்டிக்கர், ஒரே ஜிகினா. கையெழுத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் அக்காவோ அம்மாவோ எழுதியது. ஒரு பையன் மட்டும் வெறுங்கையோடு வந்தான். மறந்துவிட்டேன் என்றான். நிற்க வைத்தேன். அந்தப் பீரியட் முழுக்க நின்றான். பத்து நாள் கழித்து அவனுடைய பாட்டி வந்தபோதுதான் தெரிந்தது. படங்கள் எல்லாம் அப்பாவின் போனில் இருந்தன. அப்பா வீட்டைவிட்டுப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. 'என் குடும்பம்' என்று தலைப்புக் கொடுத்து அந்தப் பிள்ளையை நான் நிற்க வைத்திருக்கிறேன்.

என் வீட்டிலும் அப்போது இதே கூத்துதான். என் மகள் படித்த பள்ளியில் சூரியக் குடும்பம் கேட்டிருந்தார்கள். இரவு பதினொரு மணிக்கு என் கணவர் தெர்மாகோல் உருண்டைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார். நான் சனிக் கோளுக்கு வளையம் வெட்டுகிறேன். மகள் தூங்கிவிட்டாள். என் மாமியார் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "படிக்கறது பாப்பாவா, நீங்களா?" என்று கேட்டார். இருவரும் பதில் சொல்லவில்லை.

கைத்தொழிலோடு கூடிய கல்வி நமக்குப் புதிது இல்லை. 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியை பி.எட். படிக்கும்போது எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். சென்னை மாகாணத்தில் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் அவர்கள் நம் திருப்பூரில் பிறந்தவர்தான். பிள்ளைகளின் கைத்தொழிலில் வரும் வருவாயால் பள்ளிச் செலவையே ஈடுகட்டலாம் என்று காந்தி கணக்குப் போட்டார். அது சரியா தவறா என்று வாதாடலாம். நாம் செய்தது அதற்கு நேர் எதிர். கைவினை என்ற பெயரில் வீட்டுக்குச் செலவு வைத்தோம், வேலை முடிந்து வரும் பெண்களுக்கு இன்னொரு ஷிப்டும் வைத்தோம்.

அதன் பிறகு ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. மறுபடி தொடங்கியது ஒரு பாடத்தால். ஆறாம் வகுப்பில் வரலாறு என்றால் என்ன என்று முதல் பாடம் வரும். சான்றுகள் பற்றிச் சொல்ல வேண்டும். கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று எழுதிப் போட்டேன். ஒரு பெண் எழுந்து, "எங்க வீட்டுக்கு என்னங்க டீச்சர் சான்று?" என்றாள். உங்க வீட்டில் பழசாக என்ன இருக்கிறது, கேட்டு வா என்றேன். அவள் கொண்டு வந்தது அம்மாவின் கோல நோட்டு.

ஒட்டுப் புத்தகத்தை வெளிநாட்டுச் சரக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டுப் பெண்கள் தலைமுறையாகச் செய்து வருவது அதைத்தானே? பதினைந்து புள்ளி பதினைந்து வரிசைக் கோலம், பக்கத்தில் மாத இதழிலிருந்து வெட்டி ஒட்டிய தேர்க் கோலம், நடுவில் பால் கணக்கு, பின்பக்கம் ஜாதகக் குறிப்பு. என் அப்பாவின் அம்மா கல்கியில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் பிரித்து எடுத்து பைண்டு செய்து வைத்திருந்தார். 1950-ல் தொடங்கி 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை அப்படிச் சேர்த்து வைக்காத வாசகர் வீடு குறைவு. இடையிடையே வந்த விளம்பரங்களையும் அவர் விடவில்லை. இன்றைக்கு எனக்குக் கதையைவிட அந்தச் சோப்பு விளம்பரமும் விலையும்தான் சுவாரசியமாக இருக்கின்றன.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், துண்டறிக்கை, அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து, 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய வருகிறவர்கள் இன்று அங்கேதான் போய் உட்காருகிறார்கள். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "அப்ப பஸ் டிக்கெட்டையும் வெச்சுக்கலாங்களா டீச்சர்?" என்று கேட்டான். வைத்துக்கொள்ளலாம் என்றேன். புத்தகம் அங்கே தொடங்கியது.

இந்த முறை சிலவற்றை முதலிலேயே உறுதி செய்துகொண்டேன். கடையில் எதுவும் வாங்கக் கூடாது. வீட்டுக்குக் கொடுத்து அனுப்பக் கூடாது. வாரத்தில் ஒரு பீரியட், வகுப்பில் வைத்தே செய்வது. வீட்டில் அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், வாரத்துக்கு ஒரு கேள்வி கேட்டு வர வேண்டும். 'நான் பிறந்த அன்னிக்கு மழையா வெயிலா?', 'நம்ம வீட்ல ரொம்பப் பழைய பொருள் எது?' அம்மா சோறு போடும்போது கேட்டுவிடலாம். 'என் குடும்பம்' என்ற தலைப்பை எடுத்துவிட்டு 'எங்கள் வீட்டில்' என்று வைத்தேன். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அது கேட்காது.

பொருளுக்கு நம் ஊரில் பஞ்சமா? நூல் சுற்றி வரும் காகிதக் கோன், அட்டைப் பெட்டி, கட்டிங் டேபிளில் துணி மேல் விரித்து வெட்டியபின் மிஞ்சும் மார்க்கர் பேப்பர், பீஸுக்கு நடுவில் வைக்கும் மெல்லிய டிஷ்யூ தாள், கட்டிங் வேஸ்ட். கோனைப் பிளந்து விரித்தால் புத்தகத்துக்கு நல்ல அட்டை.

இங்கே நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. டேக், லேபிள் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பிராண்டு பெயர் போட்ட லேபிளையும் டேக்கையும் கம்பெனியில் எண்ணித்தான் கொடுப்பார்கள், எண்ணித்தான் வாங்குவார்கள். பிள்ளை கேட்டதே என்று ஒரு அம்மா நாலு லேபிளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார். கேட்டில் பிடித்துவிட்டார்கள். அந்த வாரச் சம்பளம் நின்று, சூப்பர்வைசர் பேசி, பிறகு சனிக்கிழமை கிடைத்தது. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க டீச்சர், பிள்ளை ஆசையா கேட்டுச்சு" என்றார். அந்தப் 'பரவால்லைங்க' இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது கட்டிங் வேஸ்ட்கூட, கடையில் எடை போட்டு விற்பதிலிருந்து நானே வாங்கி வருகிறேன். பெற்றோர் எதையும் கொண்டுவர வேண்டியதில்லை.

அந்த வேஸ்ட் துணியில்தான் எங்களுக்கு அடுத்த பாடம் கிடைத்தது. நம் ஊர்ப் பின்னலாடைக் கழிவு கையால் காகிதம் செய்யும் கூடங்களுக்குப் போகிறது. பருத்திப் பனியன் துணி அந்தத் தொழிலுக்கு முக்கிய மூலப்பொருள். மரத்தை வெட்ட வேண்டாம், நார் நீளமாக இருப்பதால் தாளும் உறுதியாக வரும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் இருக்கிறது. ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரில் தேசியக் கைக்காகித நிறுவனமே இருக்கிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர் குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாதான் அவர். 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியவர். ராஜஸ்தானில் பெயர்ப்பலகையில் இருக்கும் அவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

காகிதத்தை மரத்திலிருந்து செய்வதுதான் வழக்கம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் கந்தல் துணியிலிருந்துதான் காகிதம் செய்தார்கள். நம் ரூபாய் நோட்டும் பருத்தியில் செய்த தாள்தான் என்றேன். "அப்ப எங்கம்மா சனிக்கெழமை பனியன் துணியத்தான் சம்பளமா வாங்கிட்டு வருதுங்களா?" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

சரி, நாமே செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முயன்றேன். ஊறவைத்த பனியன் துணியை மிக்ஸியில் போட்டேன். அரை நிமிடத்தில் நூல் பிளேடில் சுற்றிக்கொண்டு, மோட்டார் கருகிய வாசனை வந்தது. என் மாமியாரின் பார்வையை வர்ணிக்க வேண்டாம். துணியைக் கூழாக்கப் பல்லும் உருளையும் உள்ள பெரிய அரவை இயந்திரம் வேண்டும், வீட்டு மிக்ஸியால் முடியாது. அதனால் எங்கள் தாளுக்கு அடிப்படை பழைய நோட்டுத் தாள். செய்தித்தாள் வேண்டாம், மையால் சாம்பல் நிறமாகிவிடும். தாளைக் கிழித்து ஒரு இரவு ஊறவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அரைத்து, அகலமான பேசினில் மோர் பதத்துக்குக் கரைக்கிறோம். பனியன் துணியிலிருந்து உருவிய பருத்தி நூலை அரை விரற்கடைக்கு வெட்டி ஒரு சிட்டிகை தூவுகிறோம். நீட்டினால் இழுபடும் துணி வேண்டாம், அதில் ரப்பர் போன்ற இழை கலந்திருக்கும். எம்பிராய்டரி வளையத்தில் கொசுவலையை இறுக்கிப் பூட்டி, கூழுக்குள் சாய்த்து இறக்கி மட்டமாகத் தூக்க வேண்டும். அதை எதன்மேல் கவிழ்ப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, பனியன் துணிமேல் கவிழ்த்தால் போதும். அது நீரை இழுத்துக்கொண்டு தாளை மெதுவாக வாங்கிக்கொள்ளும். காய்ந்தபின் வடிகஞ்சியை மெலிதாகத் தடவினால் மை பரவாது. முதல் தாள் அப்பளம் போல வரும், இரண்டாவது அடை போல. ஐந்தாவது ஆறாவதில்தான் எழுதலாம்.

பசைக்கு மைதா காய்ச்சுவோம். நம் சுவரொட்டிக்காரர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பள்ளியில் கூடவே கூடாது. இராமபாணப் பூச்சி வராமல் இருக்க அலமாரியில் வசம்பு முடிந்து வைத்திருக்கிறேன். மார்க் ட்வைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்தப் பசைத் தொல்லை தாங்காமல், தண்ணீர் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் பக்கங்களோடு ஒரு ஒட்டுப் புத்தகம் செய்து 1873-ல் காப்புரிமை வாங்கினார். பெஞ்செல்லாம் பசையாகி அதைக் கழுவும் நாள்களில் அவரை நினைத்துக்கொள்வேன்.

பிள்ளைகள் என்ன ஒட்டினார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் சிற்பக்கூடங்கள் உண்டு. ஒரு சிற்பியின் மகன் அப்பாவின் கல் தூளைப் பொட்டலமாகக் கொண்டு வந்து பசையில் தூவினான். மூன்று முறை உதிர்ந்தது, நான்காவதில் நின்றது. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பையன் தன்பாத் - ஆலப்புழை விரைவு ரயிலின் முன்பதிவில்லாச் சீட்டை ஒட்டி, கீழே முதன்முதலாகத் தமிழில் ஒரு முழு வாக்கியம் எழுதினான்: "நான் நின்று வந்தேன்." எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அவனுக்கு நான் எத்தனையோ பயிற்சித்தாள் கொடுத்திருக்கிறேன்.

ஒரு பெண் அம்மாவின் சம்பளக் கவரை ஒட்டினாள். மேலே ஷிப்ட் கணக்கும் அட்வான்ஸ் பிடித்தமும் எழுதியிருந்தது. அழகாக, நடுப்பக்கத்தில். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவள் அதை உரக்கப் படித்தாள். "ரெண்டாயிரம் அட்வான்ஸ் வாங்கிருக்காங்க." ஒட்டியவளின் முகம் மாறிப்போனது. அவள் அதை இழிவாக நினைத்து ஒட்டவில்லை. இன்னொருத்தி வாயால் கேட்டபோதுதான் அது அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

அன்றைக்கு வந்ததுதான் மடிப்பு. பக்கத்தின் மேல் இன்னொரு தாளை ஓர ஓரமாக மட்டும் ஒட்டி, கதவு போல மூடித் திறக்கும்படி செய்வது. மூடின கதவைப் பிள்ளையின் அனுமதி இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. யாரும் என்றால் ஆசிரியரும்தான். நானும் கேட்டுவிட்டுத்தான் திறப்பேன். சில பிள்ளைகள் "வேண்டாங்க டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார்கள். திறக்காமலே மதிப்பெண் போட்டிருக்கிறேன். இது முறையா என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னைக் கேட்டார். பார்க்காததற்கு எப்படி மதிப்பெண் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளைகளின் வீட்டை நாம் பாடப்பொருளாக எடுத்துக்கொள்கிறோம் என்றால், கதவைச் சாத்தும் உரிமையை அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் கொடுக்காமல் செய்வதென்றால் இந்த வேலையையே செய்ய வேண்டாம் என்பேன். கதவு வந்த பிறகு பிள்ளைகள் அதிகமாக எழுதினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தன்று புத்தகங்களை மேசைமேல் வைத்தோம். பெரும்பாலும் பத்து நிமிடம் பர்மிஷன் போட்டு வருகிறவர்கள். செக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மகளின் புத்தகத்தைக் கையில் எடுத்தார். நிற்கிற நிலையிலேயே முன்பக்கம், பின்பக்கம், ஓரம் என்று பீஸ் பார்ப்பது போலப் பார்த்தார். "ஓரமெல்லாம் பிசிறுங்க டீச்சர். தையலும் லூசு" என்றார். பையிலிருந்து ட்ரிம்மரை எடுத்து நறுக் நறுக்கென்று வெட்டினார். ஊசி நூல் இருக்கிறதா என்று கேட்டு, நாங்கள் மூன்று ஓட்டையில் போட்டிருந்த தையலைப் பிரித்து ஐந்து ஓட்டையில் போட்டுக் கொடுத்தார். மகள் வெட்கத்தில் நெளிந்தாள். அம்மா தைத்துக்கொண்டே ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். 'நான் பிறந்த அன்று மழை' என்று எழுதியிருந்தது. "இத எப்பக் கேட்ட?" என்றார். "நேத்து நீ தோசை சுடும்போது கேட்டனே." "நான் தூக்கத்துல சொல்லிருப்பேன்" என்றார் அந்த அம்மா. பிறகு எங்களை மறந்துவிட்டு அந்த மழையைப் பற்றி மகளிடம் சொல்லத் தொடங்கினார். பர்மிஷன் பத்து நிமிடம், அரை மணி நேரம் ஆகிவிட்டது.

எங்கள் பகுதியில் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் போய்விடுவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆர்டர் குறைந்தால், வீட்டு வாடகை ஏறினால், ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரே நாளில் கிளம்பிவிடுவார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கக்கூட வருவதில்லை. அப்படிப் போன பிள்ளைகளின் நான்கு புத்தகங்கள் என் பீரோவில் இருக்கின்றன. பழைய எண்களுக்கு அழைத்துப் பார்த்தேன். இரண்டு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, ஒன்றை வேறு யாரோ எடுக்கிறார்கள். ஒருவர் எடுத்து, தீபாவளி கழித்து வருகிறோம் என்றார். அது போன தீபாவளி.

நேரம் ஆகிவிட்டது, அடுத்து அறிவியல் ஆசிரியர் பேசக் காத்திருக்கிறார். பின் மேசையில் எங்கள் பிள்ளைகளின் புத்தகங்களை வைத்திருக்கிறேன். தாளைத் தொட்டுப் பாருங்கள், கல் தூள் பக்கத்தையும் தடவிப் பாருங்கள். மடிப்பில் பச்சைப் பொட்டு வைத்திருந்தால் திறக்கலாம், அந்தப் பிள்ளைகள் சம்மதித்திருக்கிறார்கள். பொட்டு இல்லாததைத் திறக்க வேண்டாம். மஞ்சள் நூலால் கட்டிய நான்கு புத்தகங்கள் தனியாக இருக்கும். அவற்றை அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள். கேட்பதற்கு அந்தப் பிள்ளைகள் இப்போது இங்கே இல்லை.